எர்சிலியா இருந்த இடத்திலிருந்து மூன்று தெரு ஏரிப் பக்கம்

அக்டோபர் மழை மானாகுவாவில் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அன்று வந்த காற்று, மருந்துக்கடை வாசலில் இருந்த என் வறுவல் கடையின் தகரக் கூரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஒரு கையில் எண்ணெய்ச் சட்டி, மறு கையில் பாலாடைக்கட்டித் தட்டு. ஆண்டவர் எனக்கு இரண்டு கைதான் கொடுத்திருக்கிறார். கடை ஓரப் பலகையில் நின்ற என் மாதா சிலைக்கு மூன்றாவது கை இல்லை. அவளுடைய நீல அங்கி மலிவான சாயம். நாலு துளி பட்டால் போதும், வழிந்து தரைக்கு வந்துவிடும்.

மழை ஓய்ந்து திரும்பிப் பார்த்தேன். மாதா தலையிலிருந்து பாதம் வரை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் நிற்கிறாள். அடியில் சைக்கிள் டியூப் வளையம் இறுக்கமாகப் போட்டிருக்கிறது. உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. அக்கம்பக்கத்தில் இருந்த ஒரே ஆள் மருந்துக்கடை நிக்காசியோ. அவன் குனிந்த தலை நிமிராமல் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். நன்றி சொல்லப் போனால் காது கேட்காதவன்போல இன்னும் வேகமாகத் துடைத்தான். வழக்கமாக அந்தப் பைக்குள் இருக்கும் அவனுடைய வழிகாட்டிப் பெட்டி, வண்டியின் கைப்பிடியில் அம்மணமாக நனைந்து கிடந்தது.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் நிக்காசியோவைப் பற்றிச் சொல்ல முடியாது. தன் தலைக்கு ஒரு தொப்பி வாங்காதவன், அதற்கு மட்டும் அந்தப் பையை மழைக்கோட்டாகப் போட்டு வைத்திருந்தான்.

நிக்காசியோ ஒபாந்தோ ஜுய்கல்பா பக்கத்து ஆள். அங்கே மாடு தொலைந்தால் மாடே வீடு வந்து சேரும். மனிதருக்கும் அந்த வித்தை வரும் என்று நான் நம்பியிருந்தேன். இவனுக்கு வரவில்லை. மானாகுவாவில் இத்தனை வருடம் இருந்தும் ஏரி எந்தப் பக்கம், மலை எந்தப் பக்கம் என்று அவனுக்குப் பிடிபடவே இல்லை. சூரியன் கிளம்பும் பக்கம் 'மேலே', அது விழும் பக்கம் 'கீழே' என்பது எங்கள் ஊரில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரியும். மேகம் மூடிய நாளில் நிக்காசியோவுக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. இப்படிப்பட்டவன் தேர்ந்தெடுத்த வேலை, வீடு வீடாக மருந்து கொண்டுபோய்க் கொடுப்பது. ஆண்டவர் சில நேரம் சிரிப்பதற்காகவே சிலரைப் படைக்கிறார் என்று நினைக்கிறேன். பாவமாக இருந்தால் மன்னிக்கட்டும்.

யாரையும் வழி கேட்கமாட்டான். கேட்டால் கௌரவம் போய்விடும். அதனால் பெரிய சந்தையில் ஒரு ஜி.பி.எஸ். பெட்டி வாங்கி வந்தான். கார்களுக்கு என்று செய்தது, எங்கேயோ செத்துப்போன டாக்சியிலிருந்து கழற்றியது, அதனால் சல்லிசு. கண்ணாடியில் ஒட்டுவதற்கு அதன் பின்னால் ஒரு ரப்பர் கிண்ணம் இருந்தது. மோட்டார் சைக்கிளில் கண்ணாடி ஏது? கைப்பிடியில் டியூப் துண்டால் கட்டினான். காரில் சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருக வேண்டிய வயர் அது. அந்தத் துளையையும் பழைய இரும்புக்கடையில் தேடி வாங்கி, இருக்கைக்கு அடியில் தொங்கவிட்டு, பேட்டரியோடு இணைத்தான். வெயிலில் திரை தெரியவில்லை என்று பழைய எண்ணெய் டப்பாவைப் பாதியாக வெட்டிக் கூரை போட்டான். வேலை முடிந்தபோது வண்டி எது, பெட்டி எது என்று எனக்குப் புரியவில்லை. முக்கில் நிற்கும் மோட்டார் டாக்சிக்காரர்கள் அன்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"ஏய் விமானி! மயாமிக்கு எத்தன மணிக்குக் கிளம்புது?"

"சிரிங்கடா, சிரிங்க. நீங்க வாயால வழி கேட்டு அலையறீங்க. எனக்கு வானத்துலேர்ந்து சொல்லுது."

வானத்திலிருந்து சொன்னது ஒரு ஸ்பெயின் தேசத்து அம்மா. பேச்சில் அவ்வளவு மரியாதை. ஆனால் என்ஜின் சத்தத்தில் அந்த அம்மாளின் குரல் கேட்காது. அதனால் ஒவ்வொரு முக்கிலும் வண்டியை அணைத்து, காதைப் பெட்டியில் வைத்து, பாவசங்கீர்த்தனம் கேட்கும் சாமியார்போலக் கேட்டுவிட்டு மறுபடி உதைப்பான். ரவுண்டானாவில் அணைக்க முடியாதே. ஒருநாள் சுற்றிச் சுற்றி வந்தவனைப் பார்த்துப் போக்குவரத்து போலீஸ்காரரே கும்பிட்டாராம். சந்துக்குள் வண்டி புகும் என்று அந்த அம்மாளுக்குத் தெரியாது. தன்னை இன்னும் கார் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். எதிர் வீட்டுக்குப் போகக்கூட நெடுஞ்சாலை வழியாகவே அனுப்புவாள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அவள் கேட்டது தெருப் பெயரும் வீட்டு எண்ணும். எங்கள் பேட்டையில் அது எந்த வீட்டுக்கு இருக்கிறது? "மரம் இருந்த இடத்திலிருந்து ரெண்டு தெரு கீழே", "சினிமாக் கொட்டகை இருந்த இடத்திலிருந்து ஒரு தெரு மலைப் பக்கம்" என்பதுதான் முகவரி. மரத்தை வெட்டியபோது எனக்குக் காது குத்தும் வயசு. கொட்டகை பூகம்பத்தில் போனது. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, எண்ணுவது அங்கிருந்துதான்.

நிக்காசியோ சளைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு இல்லாத மரத்துக்கும் இல்லாத கொட்டகைக்கும் போய் நின்று, பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்திப் பெயர் போட்டு வைத்தான். 'மரம்.' 'கொட்டகை.' 'செத்துப்போன பல் வைத்தியர்.' ஸ்பெயின் அம்மாள் அவற்றை அவ்வளவு மரியாதையோடு வாசிப்பாள். அந்த வரிசையில் 'எர்சிலியா' என்று என் பெயரும் இருந்தது. மருந்துக்கடைக்கு விளக்குப் பலகை உண்டு, கண்ணாடிக் கதவு உண்டு, ஆனாலும் ஊரார் எண்ணத் தொடங்குவது வாசலில் புகையும் என் வறுவல் சட்டியிலிருந்துதான். இது மருந்துக்கடை முதலாளியம்மா யெல்பாவுக்கு, எங்கள் ஊர் மரியாதைப்படி சொன்னால் தோன்யா யெல்பாவுக்கு, பிடிக்காது. சிரித்த முகமாகவே பிடிக்காது.

நவம்பரில் அந்த அம்மா நிக்காசியோவைக் கூப்பிட்டுச் சொன்னது என் கடை வரைக்கும் கேட்டது.

"போன வாரம் காய்ச்சல் மருந்து கொண்டு போனே. நீ போய்ச் சேர்றதுக்குள்ள குழந்தைக்குக் காய்ச்சலே விட்டுப் போச்சு. இன்னும் ஒரு தடவ தொலைஞ்சுபோனா திரும்பி வராதே. என் கொழுந்தன் உலிசெஸ் சும்மாதான் இருக்கான். புது போன் வச்சிருக்கான்."

"இனிமே தொலைய மாட்டேன், தோன்யா. எல்லா இடத்தையும் பெட்டியில போட்டுட்டேன்."

ஜுய்கல்பாவில் அவனுடைய அம்மாவும் பள்ளிக்கூடம் போகும் மகளும் அந்த வேலையை நம்பித்தான் இருந்தார்கள். அன்றிலிருந்து அவன் பெட்டியை மகளைப்போலவே பார்த்துக்கொண்டான். ஆனால் அக்டோபர் மழை அதற்குள் குடிபோய்விட்டிருந்தது. திரைக்கு உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. அம்பு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ஸ்பெயின் அம்மாளின் குரலோ ஒரே வாக்கியத்தில் சிக்கிக்கொண்டது. "முடிந்த இடத்தில் திரும்பிச் செல்லவும்." எங்கே போனாலும் அதுதான். "என்ன ஆச்சு தம்பி?" என்று கேட்டேன். "வயசாயிடுச்சு தோன்யா எர்சிலியா" என்றான். பையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தகரக் கூரை போன கடையில் எத்தனை நாள் நிற்பது? மருந்துக்கடையிலிருந்து இரண்டு தெரு மேலே, சிற்றாலயத்துச் சுவரோரம் ஒரு தாழ்வாரம் சும்மா கிடந்தது. சாமியார் அனுமதி கொடுத்தார். டிசம்பர் பிறந்ததும் சட்டி, அடுப்பு, மாதா எல்லாவற்றோடும் அங்கே குடிபோனேன். முதல் நாளே நிக்காசியோ வந்தான். என் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, பொத்தானை அழுத்தி, நிமிர்ந்து சிரித்தான்.

"பழைய எடத்த அழிச்சுட்டேன், தோன்யா. இப்ப நீங்க இங்க இருக்கீங்க. பெட்டியில தப்பு இருக்கக் கூடாது பாருங்க."

"ஆகட்டும் தம்பி. என் பேர்ல ஒரு மெழுகுவர்த்தியும் ஏத்தி வை" என்றேன். பொரித்த வாழைப்பழம் ஒன்று கூடுதலாக வைத்தேன். அந்த அளவுக்கு எனக்கும் பெருமைதான்.

ஏழாம் தேதி, மாதாவின் திருநாளுக்கு முந்தின மாலை. அன்று எல்லா வீட்டு வாசலிலும் பீடம். எல்லாத் தெருவிலும் கூட்டம். மாலை மணி அடித்ததும் "இத்தனை மகிழ்ச்சி யாரால்?" என்று வாசலில் நின்று கத்த வேண்டும், "மரியாளின் அமலோற்பவத்தால்!" என்று உள்ளேயிருந்து பதில் வரும். பாடி முடித்தவர்களுக்குக் கரும்பும் ஆரஞ்சும் மிட்டாயும். வெடிச் சத்தத்தில் வானமே உடைந்துவிடும்போல இருக்கும்.

வெளிச்சம் மங்கும் நேரம் மருந்துக்கடைக்குப் போன் வந்திருக்கிறது. தோன்யா பிலோமேனாவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, இன்சுலின் தீர்ந்துவிட்டது, வழக்கமாக வந்து வாங்கும் மகளால் பீடத்தை விட்டு வர முடியவில்லை. முகவரி: எர்சிலியாவின் வறுவல் கடையிலிருந்து மூன்று தெரு ஏரிப் பக்கம், அரைத் தெரு மேலே, பச்சைக் கதவு. நிக்காசியோ ஐஸ் டப்பாவை மார்போடு கட்டிக்கொண்டு கிளம்பினான். பெட்டியில் 'எர்சிலியா'வைத் தட்டினான். அது அவனை நேரே என்னிடம் கொண்டுவந்து விட்டது. எனக்குக் கையை ஆட்டிவிட்டு, அம்பைப் பார்த்து ஏரிப் பக்கம் திரும்பினான். எங்கே போகிறான், யாருக்குப் போகிறான் என்று நான் கேட்கவில்லை. சட்டியில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது.

அரை மணி கழித்துத் திரும்பி வந்தான். கைப்பிடியில் ஒரு கட்டுக் கரும்பு. கழுத்தில் ஒரு கிலுகிலுப்பை. சட்டைப் பையெல்லாம் மிட்டாய். முகத்தில் மட்டும் ரத்தம் இல்லை.

"திருநாள் நல்லா நடக்குதா, விமானி?"

"தோன்யா, சிரிக்காதீங்க. அந்தத் தெருவுல பச்சைக் கதவே இல்ல. ஒவ்வொரு வாசலா நின்னு 'தோன்யா பிலோமேனா வீடு எது'ன்னு கத்தறேன். யாருக்கும் காது கேக்கல. நானும் மாதாவுக்குத்தான் கத்தறேன்னு நெனச்சுக் கரும்பக் கையில குடுத்து அனுப்பிடறாங்க. மருந்து இன்னும் இங்கதான் இருக்கு."

வாழ்நாளில் முதல் தடவையாக அவன் வழி கேட்டது அன்றுதான். கேட்ட நாள் பார்த்துக் கேட்டிருக்கிறான்.

"என்ன சொன்னாங்க, சரியாச் சொல்லு."

சொன்னான்.

"அட மடையா! அவங்க என் பழைய கடையிலேர்ந்து எண்ணியிருக்காங்க! பிலோமேனாவுக்கு நான் எங்க போனாலும் மருந்துக்கடை வாசல்லதான் இருப்பேன். நான் நகர்ந்தா ஊரும் நகர்ந்துடுமா?"

"நீங்க உயிரோட இங்க நிக்கறீங்களே, தோன்யா!"

"நின்னா? எனக்கே இன்னிக்குத்தான் தெரியுது, நான் 'இருந்த இடம்' ஆயிட்டேன்னு. நகரு, நான் ஏர்றேன்."

சட்டியை இறக்கி வைத்தேன். என் உடம்புக்கு மோட்டார் சைக்கிள் படைக்கப்படவில்லை, ஆனாலும் ஏறினேன். ஒரு கையில் ஐஸ் டப்பா, மறு கையில் அவன் சட்டை. முதலில் இரண்டு தெரு கீழே இறங்கி மருந்துக்கடை வாசலுக்கு, அங்கிருந்துதான் எண்ணிக்கை. "ஏரிப் பக்கம்! ஏரிப் பக்கம்!" என்று நான் அவன் காதில் கத்துகிறேன். "முடிந்த இடத்தில் திரும்பிச் செல்லவும்" என்கிறாள் ஸ்பெயின் அம்மாள். "அவ வாயை மூடு!" "மூட முடியாது தோன்யா, பொத்தான் நனைஞ்சு போச்சு!" வாசலில் நின்றவர்கள் எங்களைப் பார்த்து "இத்தனை மகிழ்ச்சி யாரால்?" என்று கத்தினார்கள். போகிற போக்கில் பதில் சொன்னேன். அதைச் சொல்லாமல் போகக் கூடாது.

பச்சைக் கதவு இருந்தது. தோன்யா பிலோமேனா நாற்காலியில் துவண்டு கிடந்தாள். மகள் ஊசி போட்டாள். நான் பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு ஒரு செபமாலை முடிப்பதற்குள் கிழவி கண்ணைத் திறந்து நிக்காசியோவைப் பார்த்தாள். "மருந்த ஜுய்கல்பாவுலேர்ந்தா கொண்டுவந்தே?" என்றாள். பிழைத்துக்கொண்டாள் என்று தெரிந்தது.

வேலை பிழைக்கவில்லை. மகள் பதறிப்போய் மருந்துக்கடைக்கு இடையில் மூன்று தடவை போன் செய்திருந்தாள். நாங்கள் மருந்துக்கடைக்குத் திரும்பியபோது உலிசெஸ் புது போனோடு வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"மருந்து போய்ச் சேர்ந்துச்சு, தோன்யா யெல்பா. நானே பாத்தேன்" என்றேன்.

"சேர்ந்துச்சு. நீங்க கொண்டுபோய்ச் சேர்த்தீங்க. உங்களுக்கு வேலை வேணுமா, சொல்லுங்க" என்றாள், சிரித்த முகமாக.

நிக்காசியோ ஏன் தாமதம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெட்டி நனைந்த கதையைச் சொல்லவில்லை. நான் நகர்ந்ததைச் சொல்லவில்லை. ஐஸ் டப்பாவைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்தான். கரும்பை உலிசெஸிடம் கொடுத்தான். மறுநாளே உலிசெஸ் போனைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து, "மரம் எங்க இருக்கு?" என்று கேட்டான். "இல்ல" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

நிக்காசியோ கோஸ்தா ரிக்காவுக்குப் போக முடிவு செய்தான். அங்கே காப்பித் தோட்டத்தில் அவனுடைய மச்சான் இருக்கிறான். அங்கேயும் முகவரி எல்லாம் இருந்த இடங்களிலிருந்துதான் எண்ணுகிறார்களாம். நான் சொல்லவில்லை, வழியிலேயே தெரிந்துகொள்வான். கிளம்புவதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்று மருந்துக்கடை வாசலில் எனக்குப் புதுத் தகரம் அடித்துக் கொடுத்தான். கூலி வாங்கவில்லை. சட்டியும் மாதாவும் நானும் பழைய இடத்துக்கே திரும்பினோம். தோன்யா யெல்பா அதையும் சிரித்த முகமாகப் பார்த்தாள்.

விடியற்காலை, பஸ்ஸுக்குப் போகிற வழியில் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினான். வண்டியை டாக்சிக்காரர்களிடம் விற்றுவிட்டான், பஸ் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். பெட்டியை மட்டும் விற்கவில்லை. அதைக் கைப்பிடியிலிருந்து கழற்றி, மங்கிய திரையைச் சட்டையில் துடைத்து, பொத்தானைத் தேடி அழுத்தினான். "முடிந்த இடத்தில் திரும்பிச் செல்லவும்" என்றாள் அந்த அம்மாள். அவளுக்கு என்ன தெரியும்?

வாழை இலையில் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். மாதாவைத் தொட்டு அவன் நெற்றியில் சிலுவை போட்டேன். அவன் பெட்டியைப் பைக்குள் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னான்:

"உங்கள பழைய எடத்துலயே போட்டுட்டேன், தோன்யா எர்சிலியா. இனிமே நீங்க நகராதீங்க. நான் திரும்பி வந்தா எங்கேர்ந்து எண்ணுவேன்?"