இஸ்திரி அக்கா தூதரகத்தில் பேர் சொன்னது

அன்று காலையும் அக்கா முக்காலியில் உட்கார்ந்து இடது கையால் என் சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. இந்த வெளிநாட்டு ஓட்டலின் சலவைக்கூடத்தில் பல வருஷம் விரிப்புகள் தேய்த்தவள். எல்லாருக்கும் இஸ்திரி அக்கா. மூன்று மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. வேலை போயிற்று, பேச்சும் போயிற்று. இஸ்திரிப் பெட்டியை இழுக்கும்போது மட்டும் ஏதோ ஒரு மெட்டை முனகுவாள்.

ஊரில் இருக்கும் மகளிடம் போக ஓட்டல்காரர் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டார். மறுநாள் இரவு விமானம். ஆனால் பாஸ்போர்ட் காலாவதி; தூதரகம் அன்றைக்கே அவசரப் பயணப் பத்திரம் தந்தால்தான் உண்டு. எனக்கும் அவளுக்கும் ஒரே விடுதி அறை, நான் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்றவள் வேறு. துணைக்கு நான் போனேன்.

வாசலில் காவலர் மறித்தார். "துணைக்கு வந்தவங்க வெளியதாம்மா நிக்கணும்."

"இவ உள்ள வழுக்கி விழுந்தா நீ தூக்குவியா தம்பி?"

வழிவிட்டார்.

கண்ணாடிக்கு அப்பால் இருந்த இளம் அதிகாரி அவள் பேரைக் கேட்டார். நான் சொன்னேன்.

"நீங்க சொல்லக் கூடாதும்மா. அவங்க வாயாலயே வரணும். இவங்க வேண்டாம்னு யாரோ விமானத்துல ஏத்தி அனுப்பிட்டாங்கன்னு நாளைக்குப் பேச்சு வரக் கூடாது."

"தலையாட்டுவா, அது போதாதா?"

அவர் அவளிடம் திரும்பினார். "உங்களுக்குத் தொண்ணூறு வயசா?" தலையாட்டினாள். "நான் உங்க மாப்பிள்ளையா?" அதற்கும் ஆட்டினாள்.

"பாத்தீங்களா?"

பார்த்தேன். விதி நியாயமானதுதான், அதுதான் எரிச்சல்.

பேரைச் சொல்ல ஒரு வாரமாகப் பழக்கியிருந்தேன். கண்ணாடிக்கு முன்னால் முதல் எழுத்திலேயே முட்டி நின்றாள். நெற்றி வியர்த்தது. "அடுத்த வாரம் வாங்க," என்று அதிகாரி காகிதங்களை அடுக்கினார்.

அப்போது அவளுடைய இடது கை மேசைமேல் ஏறியது. இல்லாத இஸ்திரிப் பெட்டியைப் பிடித்து, இல்லாத விரிப்பில் இழுத்தது. முனகல் வந்தது. முனகலுக்குள் பேர் வந்தது, முழுசாக. அடுத்த இழுப்பில் அப்பன் பேர், அதற்கடுத்து பிறந்த ஊர். கடைசியில், "எம்பொண்ணுகிட்ட போறேன், நானாத்தான் போறேன்," என்று ராகம் போட்டு முடித்தாள்.

பேச்சு போனவர்களுக்கும் பாட்டு மிஞ்சலாம் என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள், தேர்விலும் எழுதியிருக்கிறேன். எத்தனையோ கட்டில்களுக்குப் பக்கத்தில் நின்றவள் நான், ஒரு தடவையும் பார்த்ததில்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. அதிகாரி எழுந்து நின்றிருந்தார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"இடது கையால கையெழுத்துப் போட்டாலும் சரிம்மா," என்றார் மெதுவாக.

மறுநாள் காலை ஊருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அவள் தம்பி எடுத்தான். இவள் கை மேசையில் ஓட, "ஏண்டா சோம்பேறி, நாளைக்கு ஏர்போர்ட்டுக்கு வண்டி எடுத்துட்டு வாடா," என்று அதே மெட்டில் பாடினாள்.

"திட்டறியாக்கா? இன்னொரு தடவ திட்டுக்கா!" என்றான்.

திட்டினாள். நான் அவள் துணிகளைப் பெட்டியில் அடுக்கினேன்.