பலூனில் மிச்சமிருந்த இடம்

1

"சனிக்கோள் காவலன எடும் வே" என்று அண்ணாச்சி சொன்னதும் சிரித்துவிட்டேன்.

புதுத் துறைமுகம் திறந்த சமயம் அது. தூத்துக்குடியில் அண்ணாச்சி நடத்திய படக்கதைப் பத்திரிகையில் எனக்கு லெட்டரிங் வேலை. பேச்சு பலூன்களுக்குள் வசனத்தைக் கையால் எழுத வேண்டும். எங்கள் நாயகன் கப்பித்தான் லாசர், கடலில் துப்பறிகிறவர். சனிக்கோள் காவலன் விண்வெளி நாயகன், மூன்றே இதழில் விற்காமல் படுத்துப்போனவன்.

"சனின்னு பேரு வச்சா எந்தத் தாய் புஸ்தகத்த வீட்டுக்குள்ள விடுவா? அவன் எதுக்கு அண்ணாச்சி?"

"லாசருக்குக் கடல்ல எதிரியெல்லாம் தீந்துட்டாம் வே. இனி மேல இருந்துதான் ஆள் வரணும். வானத்துல இருந்து வாரவன் எந்தக் கதையிலயும் குதிக்கலாம், எப்படி வந்தான்னு கேள்வி கிடையாது. இன்னொண்ணு, லாசர் கைய ஒடிச்சா வாசகன் நம்ம வாசல்ல வந்து நிப்பான். இவனக் கொன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான். கதைக்கு ஒரு சாவு வேணும்லா?"

முதல் பாகத்தில் இருவரும் சந்திப்பது, இரண்டாம் பாகத்தில் காவலன் சாவது என்று அரை மணி நேரத்தில் கதையைப் பின்னிவிட்டார். அந்த மூளையை இன்றும் வியக்கிறேன்.

2

காவலனின் பழைய ஓவியங்களையே எடுத்தோம். பலூனில் இருந்த வசனத்தை வெள்ளை மையால் அழித்துப் புதிது எழுதினேன். ஓரிடத்தில் அவன் லாசருக்குச் செய்தி அனுப்புகிறான். புது வசனம் "வருகிறேன்" மட்டுமே. பழைய பலூனோ பூசணிக்காய் அளவு.

"பலூன் காலியாக் கெடந்தா பல்லு போன வாய் மாதிரி இருக்கும். நிரப்பும்."

நிரப்பினேன். "வருகிறேன்! ஞாயிறு மாலை ஐந்து மணி. தூத்துக்குடி பழைய துறைமுகம். தோணிகள் கட்டும் பாலம். தனியாக வா. யாரிடமும் சொல்லாதே!"

எழுத்து அழகாக உட்கார்ந்தது. அண்ணாச்சி முதுகில் தட்டினார்.

3

முதல் பாகம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டுத் தூங்கிய என்னை மனைவி உலுக்கினாள்.

"ஏங்க, கிரேஸ எங்கயும் காணல."

கிரேஸ் எங்கள் மகள். அப்போது ஒன்பது வயது. கோயிலில் இல்லை, பக்கத்து வீட்டிலும் இல்லை. அவள் பாயில் புது இதழ் விரிந்து கிடந்தது. அந்தப் பலூன் என்னைப் பார்த்தது.

மில்லர்புரத்திலிருந்து துறைமுகம் வரை எப்படி சைக்கிள் மிதித்தேன் என்று தெரியாது. பாலத்தின் கடைசிக் கல்லில், காலைத் தண்ணீர் பக்கம் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஒரு தோணிக்காரர் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார்.

"ஒம்ம பிள்ளையா? கூப்பிட்டா வரமாட்டேங்கு. ஆள் வரணுமாம். நீர்தான் அந்த ஆளா?"

சைக்கிளைப் போட்டுவிட்டு அவளருகே உட்கார்ந்தேன். அவள் மடியில் காவலனின் பழைய மூன்று இதழ்கள், டிபன் டப்பாவில் இட்லி.

"சனியில இருந்து வாரான், பசிக்கும்லாப்பா" என்றாள். "அஞ்சு தாண்டிட்டு. ஏன் வரல?"

4

மறுநாள் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் இரண்டாம் பாகத்தில் காவலன் சாம்பலாகும் கடைசிப் பக்கத்தைக் கேட்டு வாங்கி, தானே வெள்ளை மை தொட்டு, அவனுடைய கடைசி வசனத்தை அழித்தார்.

"சாகாண்டாம் வே. கேக்க ஆள் இருக்கு."

எவரும் நினைத்துப் பார்க்காத விண்வெளி ஆட்களைப் படக்கதைக்காரர்கள் ஏன் திரும்பத் திரும்பக் கூட்டி வருகிறார்கள் என்று இப்போது வேலைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். அண்ணாச்சி சொன்ன காரணங்கள் எல்லாம் சரிதான். ஆனால் எவரும் நினைக்காதவன் என்பது நம் அலமாரியில் விற்காமல் கிடக்கும் இதழ்களைப் பார்த்துச் சொல்வது. எங்கோ ஒரு பிள்ளை அவனுக்கு இட்லி கட்டிக்கொண்டிருக்கும்.

நான் இப்போது பலூனை நிரப்புவதில்லை. மிச்ச இடம் வெள்ளையாகவே கிடக்கட்டும். கிரேஸ் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். ஞாயிறு ஐந்து மணிக்கு வீட்டில் அவள் சத்தம் கேட்காவிட்டால், இன்னமும் சைக்கிள் சாவியைத் தேடுகிறேன்.