காயாத சந்தனம்

இது நடந்தது. கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. மோனிகா என்னிடம் பொய் சொல்ல மாட்டாள். யாராவது பேய் என்று ஆரம்பித்தாலே, வேறு வேலை இல்லையா என்று எழுந்து போகிறவள் அவள்.

நகரியில் விசைத்தறிக்காரர் வீட்டுப் பெண். திருப்பதியில் ஒரு சின்ன அறையில், சாய்குமார் என்ற நண்பனோடு சேர்ந்து குற்றச் சம்பவங்களைச் சொல்லும் பாட்காஸ்ட் நடத்துகிறாள். இவள் பேசுவாள், அவன் எடிட் செய்வான். போன வருஷம் அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு ஜீப் டிரைவரின் கதை. சாமி கும்பிட்டுவிட்டுத் தனியாக நிற்கும் பெண்களை, ஊரில் விடுகிறேன் என்று ஏற்றிக்கொண்டு போய்க் கொன்றவன். ஜெயிலிலேயே செத்தான். அவன் பெயரை இங்கே எழுத மாட்டேன், கிடைத்த பெயரே அவனுக்கு அதிகம். அவன் டீக்கு எவ்வளவு சர்க்கரை போட்டுக்கொள்வான் என்பதுகூடக் கேட்பவர்களுக்கு மனப்பாடம். ஆனால் அவன் கொன்ற ஐந்தாவது பெண் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. காணிப்பாக்கம் போகும் வழியில் ஒரு மாந்தோப்பில் கிடந்தாள். மொட்டைத் தலை. போலீஸ் வெளியிட்ட ஃபோட்டோவைப் பார்த்து யாரும் தேடி வரவில்லை.

பெயர் தெரியாமல் கடைசிப் பகுதியை வெளியிட மாட்டேன் என்று மோனிகா ஒற்றைக் காலில் நின்றாள்.

"போலீசாலயே முடியல. நீ இன்னா பண்ணப் போற?" என்றான் சாய்குமார்.

"யாரோ பெத்த பொண்ணுடா" என்றாள் இவள்.

தோப்பை நேரில் பார்த்துவிடலாம் என்று ஒரு புதன்கிழமை மதியம் சித்தூர் பஸ் ஏறினாள். மணி இரண்டு நாற்பது. மண்டையைப் பிளக்கிற வெயில். முன் சீட்டில் ஒரு குடும்பம், புதிதாக மொட்டை போட்ட இரண்டு பெண்கள். பெண்களுக்கான இலவச டிக்கெட்டுக்காகக் கண்டக்டர் அவர்களுடைய ஆதார் அட்டையைப் பார்த்தார், தலையைப் பார்த்தார். "ஃபோட்டோலோ ஜட, இக்கட குண்டு! எவரம்மா நுவ்வு?" என்றார் தெலுங்கில், யாரம்மா நீ என்று. பஸ்ஸே சிரித்தது. மோனிகாவும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஃபோட்டோவில் ஜடை, நேரில் மொட்டை... மொட்டைத் தலையைக் காட்டி, இது உங்கள் பெண்ணா என்று கேட்டால் வீட்டார் என்ன சொல்வார்கள்?

அதை யோசித்துக்கொண்டே திரும்பினாள். பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவளும் மொட்டைதான், தலை நிறையச் சந்தனம். புதிதாக மொட்டை போட்டவர்கள் செய்வதுபோல உள்ளங்கையால் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். கண்டக்டர் அவளிடம் ஒன்றும் கேட்காமல் பின்னால் போனார்.

"அக்கா, இது விஜயபுரம் போவுமா?"

"இல்லம்மா, சித்தூர் வண்டி இது. விஜயபுரம் அந்தப் பக்கமாச்சே. திருப்பதிக்கே திரும்பிப் போய் மாறணும்."

"இந்தப் பக்கமாத்தான் கூட்டிக்கினு போனாங்க..."

யார் என்று கேட்பதற்குள் அவள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

"எங்க அம்மாவுக்குக் கண் ஆபரேசன். நல்லாத் தெரிஞ்சா முடி குடுக்கறேன்னு வேண்டிக்கினேன். அம்மாகிட்ட சொல்லல. சொன்னா வுடமாட்டாங்க."

பாகாலா தாண்டியது. ஜன்னலில் அனல் அடித்தது. மோனிகாவின் துப்பட்டா பறந்தது. அந்தப் பெண்ணின் முந்தானை அசையவில்லை.

வியர்வையும் இல்லை.

இந்த வெயிலில் சந்தனம் நிமிஷத்தில் காய்ந்து வெடித்துவிடும். அவள் தலையில் அது காயவே இல்லை. ஈரமாகக் கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது...

பூதலப்பட்டும் போயிற்று. அவள் கை தலையை விட்டு இறங்கியது. மோனிகாவின் மணிக்கட்டைப் பிடித்தது.

சில்லென்று இருந்தது.

"இங்கதான் எறங்கச் சொன்னான்..."

வெளியே மாந்தோப்பு.

அப்போதுதான் அவள் முழுசாகத் திரும்பினாள். மோனிகா நூறு தடவை பார்த்த முகம். ஃபோட்டோவில் கண்கள் மூடியிருக்கும்.

இப்போது திறந்திருந்தன.

பஸ் நிற்கவில்லை. வேகம்கூடக் குறையவில்லை.

சீட் காலி.

மணி நான்கு ஐந்து. மோனிகாவின் மணிக்கட்டில் சந்தனம் ஈரமாக இருந்தது.

சித்தூரில் இறங்கியதும் சாய்குமாருக்குப் போன் போட்டாள். விஜயபுரம் பக்கம் காணாமல்போன பெண்களைத் தேடச் சொன்னாள். ராத்திரிக்குள் அவன் கண்டுபிடித்துவிட்டான். செங்கமலம். அம்மா பெயர் ரத்னம்மா, கூலி வேலை. திருப்பதி போய் வருகிறேன் என்று போன மகள் திரும்பவில்லை. எவனோடோ ஓடிவிட்டாள் என்று ஊர் முடித்துவிட்டது. போலீஸ் அந்த ஃபோட்டோவை ரத்னம்மாவிடமும் காட்டியிருக்கிறது. இவள் என் பெண் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை மோனிகா ஃபோட்டோவோடு ஸ்கூட்டியில் ரத்னம்மா வீட்டு வாசலில் போய் நின்றாள். ரத்னம்மா நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாப்பா, மறுபடியும் அதே மொட்டச்சியா? எம் பொண்ணுக்கு இடுப்பு வரைக்கும் முடி."

மோனிகா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் பின்னலை முன்னால் இழுத்து, ஃபோட்டோவின் மொட்டைத் தலையை அதால் மூடிக் காட்டினாள்.

ரத்னம்மா பார்த்தாள். முறத்தைத் தள்ளிவிட்டாள்.

"அப்போ... அது இவதானா?"

"எதும்மா?"

"வெளக்கு வெக்கற நேரத்துல ஒருத்தி வந்து வாசல்ல நிப்பா. மொட்டைத் தலை. பிச்சைக்காரின்னு சோறு போட்டேன், துன்னல. முந்தாநாள் உள்ள கால வெச்சா..."

வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தொடப்பத்தால அடிச்சுத் தொரத்திட்டேன், பாப்பா."

பிறகு போலீஸ் ரத்னம்மாவின் ரத்தத்தை எடுத்துச் சோதித்தது, தோப்பில் கிடந்தவளோடு பொருந்தியது. செங்கமலத்துக்குப் பெயர் கிடைத்தது. கடைசிப் பகுதியில் மோனிகா அந்த டிரைவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, முழுக்க அவளைப் பற்றியே பேசினாள். கேட்டவர்கள் அழுதார்கள். இனி அந்த ஆத்மா அடங்கிவிடும் என்று எழுதினார்கள். ரத்னம்மா மட்டும் சாயங்காலமானால் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை.

ஒரு மாதம் கழித்துப் போன் வந்தது.

"பாப்பா, வந்தா. நேத்து வந்தா."

"கூப்ட்டீங்களா?"

"வாடி செங்கமலம்னு ரெண்டு கையையும் நீட்டினேன். என்னையே பாத்துக்கினு நின்னா. 'எங்க அம்மா இல்லீங்களா'ன்னு கேட்டா. நான்தான்டி, நான்தான்டின்னு கத்தறேன்... திரும்பிப் போய்க்கினே இருக்கா."

மோனிகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏன் என்றாள்.

ரத்னம்மா அழுதுகொண்டே சொன்னாள். "அவ ஒரு தடவை வந்துட்டாப் போதும்னு வேண்டிக்கினு, போன வாரம் மலைக்குப் போய் நானும் முடி குடுத்துட்டு வந்தேன்."

பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள்.

"முடி வளர எத்தினி நாள் ஆவும், பாப்பா?"