பூஜைக்கு முன் திறந்த கேட்

புனேயில் அணைகளைப் பராமரிக்கும் அலுவலகத்தில் நான் சேர்ந்த இரண்டாவது மழைக்காலம். எங்கள் பொறுப்பில் இருந்த அணை கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. நிரம்பினால் ஜலபூஜை உண்டு. பெரிய மனிதர் ஒருவர் வந்து, தளும்பும் தண்ணீருக்குப் புடவையும் தேங்காயும் சமர்ப்பிப்பார். தேதி குறித்து, பந்தலுக்கும் சொல்லியாகிவிட்டது. அந்த நேரத்தில்தான், கேட்டைத் திறந்து தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்று நான் குறிப்பு எழுதி வைத்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா போசரி தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர். அலுவலகத்தில் என் வேலை, பழைய மழைக் கணக்கோடு புதியதை ஒப்பிடுவது. வருஷ மொத்தம் பெரிதாக மாறவில்லை. ஆனால் முன்பு பல நாள் நின்று பெய்த மழை இப்போது சில நாளில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஆறும் திடீரென்று பெருகுகிறது. எந்த மாதம் எதுவரை நிரப்பலாம் என்று சொல்லும் எங்கள் ரூல் கர்வ், பழைய மழைக்குப் போட்டது. நிறைந்த அணையில் பெருமழை விழுந்தால் எல்லா கேட்டையும் ஒன்றாகத் தூக்க வேண்டிவரும். கீழே தாபோடியில் ஆற்றோர வீடுகள். எங்கள் வீடும் அங்கேதான்.

எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர் குறிப்பைப் படித்துவிட்டு மராத்தியில் கேட்டார்: "தொறந்துட்டு மழை வரலைன்னா, கோடையில ஊருக்கு நீயா தண்ணி குடுப்ப? பூஜைக்கு வர்றவர் புடவையை எங்க போடுவார், சேத்துலயா?"

மலையில் மண் ஊறிக் கிடக்கிறது, இனி விழுவது அப்படியே ஓடி வரும், வானிலை அறிவிப்பும் கனமழை என்கிறது என்றேன். குறிப்பை இன்னொரு முறை படித்துவிட்டு, கொஞ்சமாகத் திறக்கக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் சொன்னதும் அம்மா, "ஏண்டி, உன்னைப் படிக்க வெச்சது நம்ம வூட்டுப் பக்கமே தண்ணிய தொறந்து வுடறதுக்கா?" என்றார். இப்போதே சிறுகச் சிறுக விட்டால் ஆற்றோடு போய்விடும் என்றேன். "போவலைன்னா உங்க சாரு வந்து வூடு கழுவட்டும்."

பூஜையன்று சுள்ளென்று வெயில். விருந்தினர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படி படியாக இறங்கினார். தண்ணீர் எங்கே என்று கேட்டார். சார் என் பக்கம் திரும்பாமலே, "வழியில இருக்கு சாஹேப்" என்றார்.

அதற்குப் பிறகும் வெயில்தான். பக்கத்து மேசைக்காரர் தினமும் விசாரிப்பார்: "உங்க மழை எதுல வருது, பாசஞ்சர்லயா?"

எக்ஸ்பிரஸில்தான் வந்தது. ஆனால் முதல் வெள்ளத்தை நாங்கள் காலி செய்த இடமே வாங்கிக்கொண்டது. கேட்டுகளை அளவாகத் தூக்கினால் போதுமாக இருந்தது. வீட்டுக்கு போன் செய்தேன்.

"வாசப்படிய எட்டிப் பாத்துட்டுப் போயிருச்சு. உள்ள வரல. நீ சாப்பிட்டியா?" என்றார் அம்மா.

மழை விட்டபோது அணை மறுபடி நிறைந்திருந்தது. அணையில் காலியாக விடும் இடமும் சேமிப்புதான். புதிதாகச் சேருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

அடுத்த வருஷம் சார் காலண்டரோடு என் மேசைக்கே வந்தார். "மேடம், பூஜைய எப்ப வெச்சுக்கலாம்?"

"மழை முடியட்டும் சார். வர்றவர் வேட்டியைத் தூக்க வேண்டியிருக்காது."