சித்தப்பா மலைக்குப் போனது

அன்றைக்கு முற்றத்தில் இருந்தவர்கள் இவர்கள். சித்தப்பா. நான். என் தம்பி. வீட்டுக்காரரின் மகன்கள், பெரியவனும் சின்னவனும். பக்கத்து அறை அத்தை, மடியில் முறத்தை வைத்துப் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டு. அம்மா உள்ளே இருந்தாள். அப்பா ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போயிருந்தார்.

டில்லி ஜனக்புரியில் பாதி வீடுகள் எழும்பாத காலம். அந்த வீடுகளைக் கட்டத்தான் அப்பா கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்தார். கொத்தனார். பின்னாலேயே சித்தப்பாவும் வந்து ரோடு போடும் கூட்டத்தில் சேர்ந்தார். தார் வேலை. கட்டடங்களுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு அறைகள். ஓர் அறை எங்களுடையது. அதில் ஐந்து பேர்.

பக்கத்து அறை அத்தை சொந்தமில்லை. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. தமிழ் பேசுகிறவள் என்பதால் அத்தை.

சித்தப்பாவிடம் ஒரு வித்தை இருந்தது. அங்கீட்டிக் கரியடுப்பில் கொதிக்கும் வெந்நீர் டேக்சாவைத் துணி பிடிக்காமல் வெறுங்கையால் இறக்குவார். இறக்கிக் கீழே வைக்க மாட்டார். கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்பார். நான் பத்து வரை எண்ணுவேன். அதற்குப் பிறகுதான் வைப்பார். முகம் சுளிக்காது. தாரில் வேலை செய்து மரத்துப்போன கை என்று சொல்லுவார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அவரும் அப்படித்தான் நினைத்தார் என்று இப்போது எனக்குப் படுகிறது. நிச்சயமில்லை.

அம்மாவுக்கு இது பிடிக்காது. அதனால் அம்மா உள்ளே இருக்கும்போதுதான் செய்வோம். அன்றைக்கு வீட்டுக்காரர் மகன்களை நான்தான் கூப்பிட்டு வந்தேன். பார்க்கிறதற்கு ஆளுக்குப் பத்து இலந்தைப் பழம் வாங்கிக்கொண்டேன்.

பத்து எண்ணி முடித்தேன். பெரியவன் உதட்டைப் பிதுக்கினான்.

"பஸ்? தஸ் தோ மேரா சாச்சா பி கரேகா" என்றான். அவ்வளவுதானா, பத்தெல்லாம் அவன் சித்தப்பாவே செய்வாராம்.

எனக்குச் சுருக்கென்றது. "இருபது, சித்தப்பா" என்றேன்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். "சரி பாப்பா, எண்ணு" என்றார்.

எண்ணினேன். வேகமாக எண்ணியிருக்கலாம். பெரியவன் குறை சொல்லக் கூடாது என்று நிறுத்தி நிறுத்தி எண்ணினேன். பதினைந்தில் ஒரு வாடை வந்தது. இருபதில் சித்தப்பா டேக்சாவை வைத்துவிட்டுச் சிரித்தார். உள்ளங்கையில் தோல் வெள்ளையாக எழும்பி இருந்தது.

அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். வந்து அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள். முழுக்கைச் சட்டையை முழங்கைவரை ஏற்றிவிட்டாள். உள்பக்கம் ஒரு தேமல், ரொட்டி அளவுக்கு.

"இது எத்தினி நாளா இருக்கு?"

"அது தாரு பட்டதுக்கா."

"தாரு கருப்பா இருக்கும்டா, மடையா. கண்ண மூடு."

துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவினாள். அதன் நுனியால் அவர் கையில் ஓரிடத்தைத் தொட்டாள். எங்கே என்று கேட்டாள். சித்தப்பா வேறு இடத்தைக் காட்டினார். நாங்கள் சிரித்தோம். மறுபடி தொட்டாள். மறுபடி தப்பாகக் காட்டினார். தம்பி தரையில் விழுந்து சிரித்தான். எங்களைச் சிரிக்கவைக்க சித்தப்பா எதுவும் செய்வார். இதுவும் அதில் ஒன்று என்றிருந்தோம்.

மூன்றாம் தடவை அவர் எதையும் காட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டே, "ம், தொடுக்கா" என்றார்.

அத்தை அப்போது தொட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அது குஷ்டம். மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரும் அதைத்தான் சொன்னார். எங்கள் அறையில் அந்த வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மா சித்தப்பாவின் தம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்தாள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்காரர் மகன்கள் பார்த்ததை அப்பனிடம் சொல்லியிருந்தார்கள். அவர் வந்தார். எப்போதும் எங்கள் கட்டிலில் உட்கார்ந்து பேசுகிறவர், அன்றைக்கு நடு முற்றத்திலேயே நின்றுகொண்டார். சித்தப்பா போக வேண்டும், இல்லாவிட்டால் எல்லாரும் போக வேண்டும் என்றார். இந்த விஷயம் கேட்டைத் தாண்டி வெளியே போனாலும் எல்லாரும் போக வேண்டும், மற்ற ஐந்து அறைக்கு அப்புறம் ஆள் வராது என்றார். அத்தை இந்தியில் அவரிடம் சண்டைக்குப் போனாள். மருந்து இருக்கிறது, தொட்டால் ஒட்டாது என்றாள். அவர் காது கொடுக்கவில்லை. அப்பா "அச்சா ஜி" என்றார்.

அம்மா ஊருக்கு அனுப்பிவிடலாம் என்றாள்.

"ஊருல மட்டும் மடியில தூக்கி வச்சுக்குவாங்களா?" என்றார் அப்பா.

அத்தைதான் மலையைச் சொன்னாள். டேராடூனுக்கு மேலே, மலைமேல் ஒரு ஊர். இந்த நோவு வந்தவர்களே சேர்ந்து கட்டிய ஊர். தறி இருக்கிறது. ஆடு இருக்கிறது. உருளைக்கிழங்கு போடுகிறார்கள். வாரம் ஒரு டாக்டர் வருகிறார். பாதிப் பேர் தமிழாட்கள்.

சித்தப்பா மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "பொண்ணு கிடைக்குமாக்கா அங்க?" என்றார்.

"போய்ப் பாரு. ஒனக்கு முன்னாடி கியூ நிக்குது."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு இல்லை, பொத்தின கையை எடுக்கவில்லை.

புதன்கிழமை காலையில் அவரை வழியனுப்ப காஷ்மீரி கேட் பஸ் நிலையத்துக்குப் போனோம். சித்தப்பா புதுக் கம்பளி போர்த்தியிருந்தார். கை துணிக்கட்டில் இருந்தது. எப்போதும் கூட்டத்தில் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வார். அன்றைக்குக் கையை நீட்டினேன். அவர் கம்பளிக்குள் கையை இழுத்துக்கொண்டார். எனக்கு ஒன்பது வயது, பெரிய பெண்ணாகிவிட்டேன், அதனால் தூக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

"என்னையும் மலைக்குக் கூட்டிட்டுப் போ" என்றேன்.

"அப்புறமா பாப்பா."

"அங்க பனி இருக்குமா?"

"இருக்கும். அள்ளிக் கையில வச்சிக்கிட்டு நாள் முழுக்க நிப்பேன் பாரு. டில்லில ஒருத்தனால முடியுமா?"

அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் கிளம்பிற்று. சித்தப்பா ஜன்னலில் கட்டுப் போட்ட கையை ஆட்டவில்லை, மற்றதை ஆட்டினார்.

அவர் திரும்பி வரவில்லை. கல்யாணம் அங்கேதான். பிள்ளைகள் இரண்டு. மருந்து சாப்பிட்டு நோவு தீர்ந்தது. தீர்ந்த பிறகும் வரவில்லை. என் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தடவை போய்ப் பார்த்தேன். கூப்பிட்டேன். "இங்க எவனும் என் கையப் பாக்கறதில்ல பாப்பா, மூஞ்சியப் பாத்துப் பேசறான்" என்றார். அதற்கு மேல் நான் கூப்பிடவில்லை.

அன்றைக்குப் பஸ் நிலையத்திலிருந்து திரும்பும் வழியில் அப்பா எங்கள் இரண்டு பேரையும் நிறுத்தினார்.

"யாரு கேட்டாலும் சித்தப்பா ஊருக்குப் போயிருக்காருன்னு சொல்லணும். என்ன?"

தலையாட்டினோம். ஏன் என்று சொல்லவில்லை. அப்பா எதற்கும் ஏன் சொல்லுகிறவரில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம். தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிற பள்ளி. ஊருக்குப் போனார் என்று சொல்லித்தான் பார்த்தேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லார் சித்தப்பாவும் ஊருக்குப் போகிறவர்தான். மலைக்குப் போனவர் யாருக்கும் இல்லை. எங்களில் மலையைப் பார்த்தவர்களே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. சொல்லிவிட்டேன். சுடாத கை. கையில் தேமல். குச்சியால் தொட்டது. வீட்டுக்காரர் நடு முற்றத்தில் நின்று போகச் சொன்னது. மலைமேல் ஓர் ஊர். அங்கே எல்லாருக்கும் இதே மாதிரி கை. ஒன்றையும் விடவில்லை. ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொன்னேன்.

திங்கட்கிழமை என் பெஞ்சில் இருந்த இரண்டு பேர் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்கள். தாராளமாக இடம் கிடைத்தது என்று பையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மாதம் முடியவில்லை, வீட்டுக்காரர் அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நாலு இடம் மாறினோம். வெளியே சொன்னது யார் என்று அப்பா கடைசிவரை விசாரித்தார். முதலில் வீட்டுக்காரர் மகன்கள் என்றார். பிறகு அத்தையைச் சந்தேகப்பட்டார். காலி பண்ணுகிற அன்றைக்கு அவள் வந்து நின்றாள். அப்பா முகம் கொடுக்கவில்லை. அதோடு அவள் உறவும் விட்டுப்போயிற்று.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன். யார் யாருக்குச் சொன்னேன் என்று நோட்டுப் புத்தகத்தின் பின் அட்டையில் கோடு போட்டு வைத்திருந்தேன். பதினேழு பேர்.