அம்மி மிதித்த உபதேசியார்

பெரியாற்றில் அணை கட்டி முடித்த மறு வருஷம், ஊருக்குக் கப்பலேறிய துரை ஒருவர் தம் சைக்கிளை மாதா கோயில் சாமியாரிடம் கொடுத்துவிட்டுப் போனார். சாமியாரிடம் குதிரை இருந்தது. அதனால் சைக்கிள் உபதேசியார் அமிர்தராஜின் தலையில் விழுந்தது. ஊர் ஊராகப் போய் ஜெபம் சொல்லிக் கொடுப்பவர் அவர்; சக்கரத்துக்கும் அவருக்கும் அதுவரை பேச்சுவார்த்தையே கிடையாது.

“ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளன்று பூசைப் பெட்டியை இதில் வைத்து ஓடைப்பட்டிக்குக் கொண்டுவாரும். மாட்டுவண்டியில் பெட்டி வந்துசேர்வதற்குள் பூசை முடியும்வரை பச்சைத்தண்ணீர் குடிக்காத சனங்கள் பட்டினியில் சுருண்டுவிடுகிறார்கள்” என்றார் சாமியார்.

வெறும் சைக்கிளை ஓட்டப் பத்து நாளில் உபதேசியார் பழகிவிட்டார். முட்டியில் தோல் கொஞ்சம் செலவானது. மாசி பிறந்ததும் பாரத்தோடு பழக ஆரம்பித்தார். பூசைப் பெட்டியை வைத்துக்கொண்டு விழுந்தால் பாவம் என்று, அதே எடையில் கோயில் சமையற்கட்டில் கிடந்த சின்ன அம்மி ஒன்றைப் பின்னால் கட்டிக்கொண்டார். அங்கேதான் வினை. பின்னால் கட்டிய பாரத்தைத் தாண்டிக் காலைப் போட அவரால் முடியவில்லை. சாலையோர மைல்கல்லின் மேல் ஏறி நின்றால்தான் முடிந்தது. ஆகவே மைல்கல்லில் ஏறுவார், மைல்கல்லில் இறங்குவார். பின்னால் ஒரு கல்லைச் சுமந்துகொண்டு, ஏறுவதற்கு இன்னொரு கல்லைத் தேடிய மனிதரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இதில் சிரிக்காத குடும்பம் ஒன்றுதான். அவருக்கு நிச்சயம் பண்ணியிருந்த வியாகுலமேரியின் வீடு ஆறாம் மைலுக்கும் ஏழாம் மைலுக்கும் நடுவில் இருந்தது. பாஸ்குக்கு முந்தின தபசுகாலம் முடிந்ததும் கல்யாணம். மாப்பிள்ளையோ தினமும் வாசலைத் தாண்டிப் போகிறார்; நிற்பதில்லை, திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தலை திரும்பினால் சைக்கிளும் திரும்பிவிடும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? பெண்ணைப் பிடிக்கவில்லை என்று அக்கம்பக்கத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. வியாகுலமேரிக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் காலையில் அவள் அப்பா ஆரோக்கியசெல்வம் நடுச்சாலையில் கையை விரித்துக்கொண்டு நின்றார். சைக்கிள், அம்மி, உபதேசியார் மூன்றும் அவர் காலடியில் வந்து விழுந்தன.

“மாப்பிள்ளை, எம்மக வேணாமுன்னா வாயத் தொறந்து சொல்லிருங்க. தெனமும் மூஞ்சியத் தூக்கிக்கிட்டுப் போகாதீக.”

அமிர்தராஜ் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். எங்கே சம்பந்தம் முறிந்துவிடுமோ என்ற பயத்தில் வெட்கத்தை விட்டுவிட்டார். “ஐயையோ, வேணாமுன்னு ஆரு சொன்னது மாமா? இங்கன எறங்குனா எனக்கு ஏறத் தெரியாது. கல்லு வேணும்.”

கதவுக்குப் பின்னாலிருந்து வியாகுலமேரியின் குரல் வந்தது. “கல்லு வேணுமுன்னா, பின்னால கட்டியிருக்கிறது என்னவாம்?”

ஆரோக்கியசெல்வம் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை அம்மியைப் பார்த்தார். ஒரு மாதமாக இது அவருக்குத் தோன்றவே இல்லை.

“அத எறக்கிப்புட்டா இங்கனயே கெடந்துருமே ஆத்தா” என்றார் அப்பா.

“கெடக்கட்டுமே.”

அம்மி அங்கேயே இறங்கியது. பாரம் போனதும் உபதேசியார் சுலபமாக ஏறிப் போனார். சாயங்காலம் ஆரோக்கியசெல்வம் வாசலுக்கு எதிரே மண்ணைக் குவித்து, அதன்மேல் அம்மியைப் பதித்தார். வியாகுலமேரி அதில் சுண்ணாம்பால் ‘ஆறரை’ என்று எழுதினாள்.

பாஸ்கு அன்று விடிந்ததும் நிஜமான பூசைப் பெட்டியோடு அமிர்தராஜ் வந்தார். ஆறரையில் இறங்கினார். நின்றார், திரும்பினார், ஆசை தீரப் பார்த்தார். சாமியாரும் ஓடைப்பட்டி சனமும் பட்டினியோடு காத்திருப்பது நினைவு வந்ததும், அவசரமாக அம்மியில் கால் வைத்து ஏறினார்.

பக்கத்து வீட்டு மொக்கம்மாள் வாயில் கைவைத்துச் சிரித்தாள். “எங்க கல்யாணத்துல பொண்ணுதான் அம்மி மிதிக்கும். ஒங்க வேதத்துல மாப்பிள்ளையா மிதிக்கிறாக?”

சைக்கிள் கண்ணுக்கு மறையும்வரை வியாகுலமேரி சாலையைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

“மிதிச்சாச்சுல்ல? இனி எங்கன போவாக!”