கொக்கிக்குள் இருந்த நீலம்

ஊஞ்சல் அறுந்ததற்குக் காரணம் நான் குண்டாக இருந்ததுதான் என்று எங்கள் பள்ளியில் முடிவுகட்டினார்கள். இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பள்ளி. அந்த உப்புக்காற்றில் சைக்கிள் செயின்கூடச் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். ஊஞ்சலுக்கு மட்டும் ஆண்டுவிழாதோறும் நீலப் பெயின்ட் அடித்துப் புதுசாக்கிவிடுவார்கள். ஒருநாள் நான் ஆடிக்கொண்டிருந்தபோது, மேலே சங்கிலியைத் தாங்கியிருந்த கொக்கி முறிந்தது. கீழே விழுந்ததில் என் இடது கையும் முறிந்தது.

மறுநாள் மாவுக்கட்டோடு என்னை அழைத்துக்கொண்டு அம்மா பள்ளிக்கு வந்தாள்.

"பொண்ணு எகிறி எகிறி ஆடிகினு இருந்துச்சி மேடம். வெயிட்டு வேற ஜாஸ்தி. இரும்பு இன்னா பண்ணும்?" என்றார் விளையாட்டு ஆசிரியர். தாளாளர் சிரித்தார். வீட்டில் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்.

அம்மாவுக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. உலோகங்கள் ஏன் உடைகின்றன என்று பார்ப்பதுதான் அந்த வேலை. உடைந்த கொக்கியைக் கேட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புதிதாக முறிந்த இரும்பு பளிச்சென்று சாம்பல் நிறத்தில் மின்னும். முறிந்த இடத்தின் ஓரத்தில் நகக்கண் அளவு மட்டுமே அப்படி மின்னியது. மீதியெல்லாம் துரு. அந்தத் துருவின் மேல் நீலம்.

"விரிசலுக்குள்ள பெயின்ட் எப்படி சார் போச்சு?"

தாளாளர் விளையாட்டு ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க பெயின்ட் அடிக்கும்போதே இது விரிஞ்சிருக்கு. அதைப் பார்த்துட்டும் மேல பூசியிருக்கீங்க. என் பொண்ணு உடைக்கலன்னு நாளைக்குப் பிரேயர்ல எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

சொல்லவே இல்லை. அதற்குப் பதிலாக ஊஞ்சல், சறுக்குமரம் என்று எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டார்கள். உங்கம்மாவால்தான் என்று வகுப்பே என்னோடு பேச மறுத்தது. எனக்கும் அம்மா மேல்தான் கோபம். சும்மா இருந்திருக்கக் கூடாதா?

கொக்கியைப் பார்த்த அன்று வீடு திரும்பும் வழியில், சவுக்குத்தோப்போரம் அம்மா ஸ்கூட்டரை நிறுத்தினாள். என் நல்ல கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வலிக்கிறது என்றேன், விடவில்லை. நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மயிரிழை விரிசலையும் தேடிப் பிடிப்பவள் அவள். தினமும் காலையில் என்னைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, நான் அந்த ஊஞ்சலை நோக்கி ஓடுவதைச் சிரித்துக்கொண்டே பார்த்திருக்கிறாள். ஒருநாள்கூட மேலே அந்தக் கொக்கியை அண்ணாந்து பார்த்ததில்லை. அது எனக்கு அன்று உறைக்கவில்லை.